மூன்றாம் தளத்து எலுமிச்சை

பத்து தெத்ரி நாணயம் போட்டால்தான்
எங்கள் லிஃப்ட் ஏறும்.
சில்லறை இல்லாத இரவுகளில்
ஏழு மாடியும் நடைதான்.
அப்படித்தான் கண்ணில் பட்டது:
மூன்றாம் தளத்தில், பிளாஸ்டிக் தாள் ஒட்டிய சன்னலோரம்
நுக்ஸாரின் எலுமிச்சை
மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

போலந்துக்கு லாரி ஓட்டப் போனவன்
வீட்டைப் பூட்டினான்.
தொட்டியை வெளியே வைத்தான்.
யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு எக்ஸ்ரே அறையில் வேலை.
திபிலீசியில் பாதிப் பேரின் நெஞ்சுக்கூட்டை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள்.
ஓர் இலையைக் கிள்ளி
அதையும் வெளிச்சத்தில் பிடித்தேன்.

மஞ்சளில்தான் எத்தனை.
கொழுந்தில் நரம்பு மட்டும் பச்சை,
இடையெல்லாம் வெளிறல்:
இரும்புக்கு ஏங்குகிறது.
நடு இலையில் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஊர்வது இன்னொன்று.
அடியிலைகளிலோ முழுக்க ஒரே சீராய்,
தொட்டாலே கையோடு வந்துவிடும் மஞ்சள்.
இப்படி எல்லாமாய் ஒரே ஆள் வந்து நின்றால்
எங்கள் டாக்டர் ஷல்வா
கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.
தெரியவில்லை என்று பொருள்.

இலைகள் சுருண்டும் இருந்தன.
வெள்ளைத்தாளை அடியில் பிடித்துத் தட்டினேன்.
தூசி விழுந்தது. காத்திருந்தேன்.
தூசி நடக்கவில்லை.
சிலந்திப்பேன் இல்லை.
ஒரு சுருளைப் பிரித்தேன்: அசுவினி இல்லை, பிசுக்கு இல்லை,
ஏறிவரும் எறும்பும் இல்லை.
ஒன்றுமில்லாததை இறுகப் பிடித்திருக்கும் கைபோல
இலை.

பிறகுதான் தோன்றியது,
முதலில் செய்திருக்க வேண்டியது.
விரலை மண்ணில் விட்டேன், இரண்டாம் கணு வரை.
சேறு.
முகர்ந்தால் அடைத்துக்கொண்ட கழிநீர்க் குழாய்.

யார்?

ஞாயிறு காலை நாலாம் மாடிப் படியில் உட்கார்ந்தேன்.
ஒன்பதுக்குக் கெட்டிலோடு சியாலா.
“ஆளில்லாத செடி, பாவம்.”
பத்தரைக்கு சிகரெட் பிடிக்க வந்த ரேவாஸ்,
பியர் பாட்டில் நிறையக் குழாய்த்தண்ணீர்.
ததுலியின் இரட்டைப் பிள்ளைகள் ஆளுக்கொரு கோப்பை;
அதிலும் யார் முந்தி என்று தகராறு.
மதியம், கதவை ஓசையின்றிச் சாத்திக்கொண்டு, தெமூர்.
நுக்ஸாரின் குளியலறை ஒழுகித்
தன் கூரை ஊறிப்போனதிலிருந்து
மூன்று வருடமாய் அவனோடு பேச்சில்லாதவர்.
என்னைப் பார்த்ததும்
“குப்பை கொட்டப் போகிறேன்” என்றார்.
கையில் தளும்பத் தளும்ப ஒரு கூஜா.

என் பையிலும் பாட்டில் இருந்தது.
வேலை முடிந்து நடந்தேறும் இரவுகளில்
குடித்து மீந்ததை எங்கே ஊற்றினேன் என்பதை
என் நோய்க்குறிப்பில் எழுதவில்லை.

எங்கள் தண்ணீர், கெட்டிலின் அடியில்
வெள்ளை ஓடாய்ப் படிகிற தண்ணீர்.
மண்ணில் இரும்பு இருந்தது.
சுண்ணாம்பு அதைப் பூட்டியிருந்தது.
வேர்கள், வாய்வரை ஊட்டப்பட்டு,
மூச்சுவிட இடமின்றி.

ரேவாஸ் டிரில்லோடு வந்து தொட்டிக்கு ஓட்டை போட்டான்;
அதுவரை ஒன்றுகூட இல்லை.
பழுப்பாய்க் குழைந்த வேர்களை வெட்டினேன்,
வெள்ளையாய் நின்றவற்றை விட்டேன்.
தெமூர் செங்கல்லை உடைத்துச் சில்லுகளைத் தந்தார்.
இன்னும் பெயர் சொல்லவில்லை:
“அந்தக் கீழ்வீட்டுக்காரனின் செடிக்கு.”
சுவரில் தாள் ஒட்டினேன்:
ஊற்றாதீர்கள். விரலை விட்டுப் பாருங்கள்.

மஞ்சளான இலைகள் பச்சைக்குத் திரும்பவில்லை.
திரும்பாது என்று எனக்குத் தெரியும்;
பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.
அவை உதிர்ந்தன. எண்ணினார்கள்: இருபத்திமூன்று.
பிறகு மே மாதம், மழை பெய்த மறுநாள்,
நகக்கண் அளவில் ஒன்று,
நரம்பும் இடைவெளியும் ஒரே பச்சையாய்.

இப்போது சில்லறை இருந்தாலும்
பலர் மூன்றாம் தளம் வரை நடக்கிறார்கள்.
அங்கிருந்துதான் லிஃப்ட்.
அந்தத் தளத்தின் பொத்தானில் மட்டும்
எவ்வளவு துடைத்தாலும்
மண்.